தூரத்து டெலிவிஷன் ஒளிபரப்பைப் பெற ஆன்டெனாவைத் தெரிந்தெடுத்தல்

இலங்கையில் ரூபவாஹினி என்னும் டெலிவிஷன் நிலையம் 1982-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 15-ந் தேதி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பிரதான ஒளிபரப்பி 8,281 அடி உயரமுள்ள பிதுருதலாகல மலைச்சிகரத்தில் அமைந்தது. அதன் பின்னர் தமிழ்நாட்டின் தென்கரையோர ஊர்களில் அந்நிகழ்ச்சிகளைக் காணும்பொருட்டுப் பல வீடுகளின்மேல் உயர்ந்த கம்பங்கள் நடப்பட்டன. ஒரு வீட்டில் படம் தெளிவாய் விழும். அடுத்த தெருவில் அதைவிடப் பெரிய ஆன்டெனாவிலும் வெண்புள்ளிகளே தோன்றும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அறியாமல் மேலும் மேலும் பணம் செலவிடுவதில் பிரயோஜனமில்லை.

டெலிவிஷன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. பூமி உருண்டையானதால் ஓர் எல்லைக்கு அப்பால் அவை தலைக்கு மேலே போய்விடும். அவ்வெல்லையைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஒளிபரப்பியின் உயரத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.41-ஆல் பெருக்கினால் மைல் கணக்கு வரும். ஆன்டெனாக் கம்பத்திற்கும் அவ்வாறே கணக்கிட்டு இரண்டையும் கூட்டவேண்டும். 400 அடிக் கோபுரத்திற்கு 28 மைல். 25 அடிக் கம்பத்திற்கு 7 மைல். ஆக 35 மைல். கம்பத்தை நான்கு மடங்காக்கி 100 அடிக்கு உயர்த்தினாலும் கூடுவது 7 மைலே. உயரத்தின் மெய்யான லாபம், எதிரிலுள்ள தோப்பையும் மாடியையும் ஆன்டெனா தாண்டி நிற்பதேயாகும்.

பிதுருதலாகலச் சிகரத்திற்கு இக்கணக்கின்படி 128 மைல் வருகிறது. இராமேசுவரமோ அங்கிருந்து ஏறக்குறைய 185 மைல். 36 அடிக் கம்பம் நட்டாலும் எல்லை 137 மைலுக்கு மேற்படாது. அப்படியிருந்தும் படம் வந்தது எவ்வாறு? கடல்நீரை ஒட்டிய காற்று ஈரம் மிகுந்தும், அதன்மேல் உள்ள காற்று வறண்டும் இருக்கும் நாட்களில், அலைகள் கீழ்நோக்கி வளைந்து, வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் கடற்பரப்பை ஒட்டி நெடுந்தூரம் செல்லும். பலத்த காற்றோ மழையோ வந்தால் அவ்வாய்க்கால் கலைந்துவிடும். ஆகையால் அமைதியான ஒரு மாலைப்பொழுதில் கடைக்காரர் காட்டும் தெளிவான படத்தை நம்பி விலை பேசுவது தகாது. நண்பகலிலும், காற்று வீசும் நாளிலும், மழைநாளிலுமாகச் சில வாரம் பார்த்த பின்னரே முழுப்பணம் கொடுப்பது நலம். பஞ்சாயத்துச் செலவில் வாங்கும்போது இது மிகவும் அவசியம்.

அடுத்தது ஆன்டெனாவின் அளவு. 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். ஆன்டெனாவின் முக்கியக் குழாய் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். 180 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி. 600 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து அங்குலத்திற்கும் குறைவு. ஒன்றிற்குச் செய்ததை மற்றொன்றிற்கு வைத்தல், நெல் அளக்கும் மரக்காலால் எண்ணெய் அளப்பதை ஒக்கும். நிலையத்தின் அலைவரிசையை முதலில் விசாரித்தறியாமல் கடைக்குப் போகலாகாது.

தூரத்திற்கு ஏற்றது, ஜப்பான் தேசத்தில் யாகி, உதா என்னும் இருவர் 1926-ல் வெளியிட்ட வகையாகும். இதில் முக்கியக் குழாய்க்குப் பின்னே சற்று நீண்ட குழாய் ஒன்றும், முன்னே குட்டையான குழாய்கள் பலவும் இருக்கும். முன்குழாய்கள் கூடக்கூட வலிமை கூடும். ஆனால் பார்வை குறுகும். ஆகையால் திசை சிறிது தவறினாலும் பயன் கெடும். தென்னை மரத்தில் கட்டிய நீண்ட ஆன்டெனா, காற்றில் மரம் ஆடுந்தோறும் நிலையத்தை விட்டு விலகும்.

பூஸ்டர் என்னும் கருவியைப் பற்றித் தவறான எண்ணம் மிகுந்துள்ளது. ஆன்டெனா பிடியாததை அது உண்டாக்காது. இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். 100 அடிக் கேபிளில் உயர்ந்த அலைவரிசையின் சக்தி பாதிக்கு மேல் வழியிலேயே வீணாவதால், அந்நஷ்டம் நேருமுன் பெருக்குவதே பூஸ்டரின் வேலை. எனவே அது கம்பத்தின் உச்சியில் இருக்கவேண்டுமேயன்றி, பெட்டியின் பக்கத்தில் அன்று. கடலோரத்தில் உப்புக்காற்று இணைப்புகளை இரண்டொரு வருஷத்தில் அரித்துவிடும். படம் மங்கினால் முதலில் அவற்றையே பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டில் தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பிகளிற் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டன. டிஜிட்டல் ஒளிபரப்பிற்கும் மேற்கூறிய விதிகளே பொருந்தும். எனினும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய முறையில் அலை குறையக் குறையப் படம் சிறிது சிறிதாய் மங்கும். டிஜிட்டலில் ஓரளவு வரையில் குறைவின்றி இருந்து, பின் சட்டென மறையும். இன்று படம் வருவதால் நாளையும் வருமென்பது நிச்சயமில்லை. ஆகவே தேவைக்குச் சற்று மிஞ்சிய வலிமையுள்ளதை வாங்குதல் தகும்.

கம்பம் நடும் இடத்தைப் பற்றிய எச்சரிக்கையை எவரும் அலட்சியம் செய்தலாகாது. கம்பம் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்சாரக் கம்பியைத் தொடாதபடி, அதன் முழு உயரத்திற்கும் அதிகமான தூரம் விடவேண்டும். காற்று வீசும்போது கம்பத்தை ஏற்றவோ இறக்கவோ கூடாது. கம்பத்தின் அடியிலிருந்து பருத்த செப்புக் கம்பியொன்றை ஈரமண்ணில் அடித்த குழாயுடன் இணைக்கவேண்டும். இடிமேகம் கண்டவுடனே, மின்னல் நெருங்குமுன், ஆன்டெனாக் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.