காற்றை அளக்கும் குழாய்

2009ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் மாலை, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசு நோக்கி ஏர் பிரான்சு நிறுவனத்தின் 447ஆம் எண் வானூர்தி புறப்பட்டது. அது ஏர்பஸ் ஏ330 வகையைச் சேர்ந்தது. பயணிகள் 216 பேர், பணியாளர் 12 பேர் என 228 பேர் அதில் இருந்தனர். நள்ளிரவுக்குப் பின்னர், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டை அடுத்த இடிமேகத் திரளினூடே சென்றுகொண்டிருந்தபோது அது மறைந்தது. உதவி கோரும் அழைப்பு எதுவும் வரவில்லை. ஆனால், வானூர்தியின் கணினி தரையிலுள்ள பராமரிப்புப் பிரிவுக்குத் தானாகவே சில செய்திகளை அனுப்பியிருந்தது. வேகத்தை அளக்கும் கருவிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதே அவற்றின் சாரம்.

அக்கருவியின் பெயர் பீட்டோ குழாய். விரல் அளவு தடிமனுள்ள எளிய உலோகக் குழாய் அது. ஹென்றி பீட்டோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளப்பதற்காக 1732ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். ஆழம் மிகுந்தால் ஆற்றின் வேகமும் மிகும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். வளைந்த கண்ணாடிக் குழாயின் வாயை நீரோட்டத்திற்கு எதிராகத் திருப்பிவைத்து, குழாயினுள் நீர் ஏறும் உயரத்தைக் கொண்டு அந்நம்பிக்கை பிழையானது என்று பீட்டோ காட்டினார். ஆற்றுக்காகப் பிறந்த கருவி இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வானுக்கு ஏறியது.

வேகம் அறியும் முறை

ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காற்று உள்ளங்கையைப் பின்னே தள்ளும். பேருந்தின் வேகம் கூடக்கூட அந்த அழுத்தமும் கூடும். பீட்டோ குழாயின் திறந்த வாய் உணர்வதும் அதனையே. வானூர்தியின் பக்கச்சுவரில் உள்ள சிறு துளைகள் சுற்றியுள்ள காற்றின் இயல்பான அழுத்தத்தை உணர்கின்றன. இவ்விரண்டு அழுத்தங்களின் வேறுபாட்டிலிருந்து கணினி வேகத்தைக் கணிக்கிறது.

செயற்கைக்கோள் உதவியால் வேகத்தை அறியலாமே என்னும் ஐயம் எழக்கூடும். செயற்கைக்கோள் காட்டுவது தரையை நோக்கிய வேகம். வானூர்தியைத் தாங்கி நிற்பதோ இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்று. எதிர்க்காற்றில் தரைவேகம் குறைந்தாலும் இறக்கைக்குத் தேவையான காற்று குறைவதில்லை. ஆதலால், விமானிக்கு வேண்டியது காற்றை ஒப்பிட்ட வேகமே. ஏ330இல் இதனை அளக்க மூன்று பீட்டோ குழாய்கள் உள்ளன. ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் அதனைக் காட்டிக்கொடுக்கும். மூன்றும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் அடைபட்டால் இந்த ஏற்பாடு பயன்தராது. அன்றிரவு நேர்ந்தது அதுதான்.

குழாயில் பனி உறையாமல் இருக்க மின்வெப்பம் ஊட்டப்படுகிறது. எனினும், உயரத்திலுள்ள இடிமேகங்களில் மிகுந்து காணப்படும் நுண்ணிய பனிப்படிகங்களைக் குழாய் விழுங்கும் வேகத்திற்கு அவ்வெப்பம் ஈடுகொடுக்கவில்லை. குழாய்களுக்குத் தகுதிச்சான்று வழங்கப் பயன்பட்ட பழைய ஆய்வு விதிகள், குளிர்ந்த நீர்த்துளிகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை; அவ்வளவு உயரத்துப் பனிப்படிகங்களை அவை போதிய அளவு கருதவில்லை. கருவி விதிப்படி சரியாகவே இருந்தது. விதிதான் வானத்தை முழுதாக அறிந்திருக்கவில்லை.

நான்கு நிமிடங்கள்

குழாய்கள் அடைபட்டிருந்தது ஏறத்தாழ ஒரு நிமிடமே. பனி உருகியதும் அவை மீண்டும் சரியாக இயங்கின. பொறிகள் பழுதுபடவில்லை, இறக்கைகள் ஒடியவில்லை. அப்படியானால் வானூர்தி ஏன் வீழ்ந்தது?

வேகக் கணக்கு முரண்பட்டவுடன் தானியங்கிச் செலுத்தி விலகிக்கொண்டது. தலைமை விமானி அப்போது ஓய்வில் இருந்தார். துணை விமானிகள் இருவர் விமானி அறையில் இருந்தனர். இத்தகைய நிலையில் மூக்கின் சாய்வையும் பொறியின் விசையையும் மாற்றாமல் நிலையாக வைத்திருந்தாலே போதும். ஆனால், வானூர்தியைச் செலுத்தியவர் மூக்கை மேல்நோக்கி உயர்த்தினார். 35,000 அடியில் இருந்த வானூர்தி ஏறத்தாழ 38,000 அடிக்கு ஏறி, வேகம் இழந்தது. இறக்கை அளவுக்கு மீறி நிமிரும்போது காற்று அதன் மேற்பரப்பைத் தழுவாமல் பிரிந்துவிடும்; தூக்குவிசை குலையும். மூக்கைத் தாழ்த்துவதே அதற்கு மருந்து.

தூக்குவிசை இழப்பை அறிவிக்கும் எச்சரிக்கை ஒலி 54 நொடிகள் இடைவிடாமல் ஒலித்தது. அதன்பின் நிகழ்ந்ததுதான் இவ்விபத்தின் மிகக் கொடிய பகுதி. அளவிடப்பட்ட வேகம் மிகவும் தாழ்ந்தபோது, தரவுகள் நம்பத்தகாதவை என்று கருதிய கணினி எச்சரிக்கையை நிறுத்திவிட்டது. சரியான செயலாகிய மூக்கைத் தாழ்த்துதலை மேற்கொண்டபோதோ வேகம் சற்றுக் கூடியது; எச்சரிக்கை மீண்டும் அலறியது. தவறு செய்தால் அமைதி, சரியாகச் செய்தால் அபாய ஒலி. இருளில், குழப்பத்தில் இருந்தவர்கள் இதிலிருந்து எதனைக் கற்றிருக்க முடியும்? தானியங்கி விலகிய நான்கரை நிமிடங்களுக்குள் வானூர்தி கடலில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

முன்னரே தெரிந்த குறை

இக்குறை எவரும் அறியாததன்று. 2008 மே முதல் 2009 மார்ச் வரை ஏர் பிரான்சின் வானூர்திகளில் மட்டும் இத்தகைய ஒன்பது நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. 2009 ஏப்ரல் இறுதியில் தன் ஏ330 வானூர்திகளின் குழாய்களை மாற்ற அந்நிறுவனம் முடிவு செய்தது. புதிய குழாய்களின் முதல் தொகுதி மே 26 அன்று வந்துசேர்ந்தது. முதல் வானூர்தியில் அவை மே 30 அன்று பொருத்தப்பட்டன. ரியோவிலிருந்து புறப்பட்ட வானூர்திக்கு அம்முறை வரவில்லை. விபத்திற்குப் பின், மூன்றில் இரண்டு குழாய்களேனும் மாற்றப்படாத வானூர்தியை ஓட்ட வேண்டாமென விமானிகள் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. பல மாதங்களாக நகராத பணி சில நாள்களில் முடிந்தது. அவ்வகைக் குழாய்களைப் பயன்படுத்தக் கூடாதென ஐரோப்பிய வான்பாதுகாப்பு முகமை ஆகஸ்டு இறுதியில் ஆணையிட்டது.

ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டிகள் மீட்கப்பட்டது 2011 மே மாதத்தில். அதுவரை குழாய்களின் மீதே பழி முழுவதும் சுமத்தப்பட்டிருந்தது. 2012 ஜூலையில் வெளியான இறுதி அறிக்கையோ கருவி, பயிற்சி, எச்சரிக்கை அமைப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தே பேசியது. உயரத்தில் கையால் செலுத்தும் பயிற்சி வேண்டும் என்றும், கடலடியில் கறுப்புப் பெட்டி எழுப்பும் ஒலி 30 நாள்களுக்குப் பதில் 90 நாள்கள் நீடிக்க வேண்டும் என்றும் விசாரணைக் குழு பரிந்துரைத்தது.

பீட்டோ குழாய்க்குப் பகை பனி மட்டுமன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நிலையத்தில் குளவிகள் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். அதனால், நிற்கும் வானூர்தியின் குழாய்களுக்கு உறையிடுவர். 2018 ஜூலையில் அங்கிருந்து கோலாலம்பூர் புறப்பட்ட ஒரு ஏ330இன் மூன்று குழாய்களிலிருந்தும் உறைகளை அகற்ற மறந்துவிட்டனர். வானில் எழுந்தபோது வேகம் தெரியவில்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்திலிருந்து வேகத்தை உணர்த்தும் மாற்றுக் காட்டியை இயக்கி, விமானிகள் அதே நிலையத்தில் வானூர்தியைப் பாதுகாப்பாகத் தரையிறக்கினர்.