பின் பிரேக் விளக்கின் சுவிட்சை வீட்டிலேயே மாற்றுதல்

பாவு கொண்டு செல்வதற்கும், நெய்த துணியைச் சங்கத்தில் ஒப்படைப்பதற்கும், காய்கறி மூட்டையைச் சந்தையிற் சேர்ப்பதற்கும் நம் அங்கத்தினர்களில் மிகப் பலருக்கு இன்று மோட்டார் சைக்கிளே துணை. அவ்வண்டியில் ஓட்டுகிறவர் தம் கண்ணாற் காண இயலாத விளக்கு ஒன்று உண்டு. பிரேக்கை மிதிக்கும்போது பின்புறத்தில் பளிச்சென்று எழும் சிவப்பு விளக்குதான் அது. அது பின்னால் வருகிறவருக்காக எரிவது. எரியாது போனால் நமக்கு யாதொரு குறையும் தோன்றுவதில்லை. வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும், ஹாரன் ஒலிக்கும். ஆகவே இப்பழுது மாதக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

நம் வண்டியிலும் அவ்வாறே கிடந்தது. சென்ற ஐப்பசியில் ஒரு நெசவாளர் சங்கத்தில் இருப்புச் சரிபார்ப்பை முடித்துக்கொண்டு அந்தி வேளையில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிறு தூறல். அதே சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர், அன்று பட்டுவாடாவான சிட்டா நூலைப் பின்னிருக்கையிற் கட்டிக்கொண்டு, சற்றுத் தூரத்தில் நம்மைத் தொடர்ந்து வந்தார். ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய, நாம் காலால் பிரேக்கை அழுத்தி நின்றோம். பின்னால் வந்தவர் நம்மீது மோதாமலிருக்க வண்டியை ஒடித்துச் சரிந்து விழுந்தார். முழங்கை சிராய்ந்தது; நூல் மூட்டை வாய்க்காற் சேற்றில் உருண்டது. அவரைத் தூக்கி நிறுத்தியபோது அவர் சினந்து ஒரு வார்த்தை கூறவில்லை. "ஐயா, நீங்க பிரேக் புடிச்சது எனக்குத் தெரியவே இல்லீங்களே. பின்னாடி லைட்டு எரியலைங்க" என்றார். நூலின் மதிப்பை நாம் தருவதாகச் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. அலசிக் காயவைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் தறி நின்றதைப் பின்னர்தான் அறிந்தோம்.

இதில் நம்மை மிகவும் வெட்கப்படச் செய்த விஷயம் வேறு. அந்த வாரத்தின் தொடக்கத்தில்தான் நாம் அவ்விளக்கைச் சோதித்துப் பார்த்திருந்தோம். நண்பர் ஒருவரைப் பின்னால் நிறுத்திக் கைப்பிடி பிரேக்கை அழுத்தினோம். "எரிகிறது" என்றார். திருப்தியடைந்தோம். வரவுப் புத்தகத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுச் செலவுப் புத்தகத்திற்கும் சேர்த்துக் கையொப்பமிட்ட ஆய்வாளருக்கும் நமக்கும் அன்று யாதொரு வித்தியாசமும் இல்லை.

ஏனெனில், இன்றைய மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றில் அவ்வொரு விளக்குக்குச் சுவிட்சுகள் இரண்டு. ஒன்று வலது கைப்பிடியில், பிரேக் நெம்புகோலின் அடியில் இருக்கிறது. அது மழை, சேற்றுக்குச் சற்று எட்டாத இடம். மற்றது காலால் மிதிக்கும் பெடலின் மேற்புறத்தில், வண்டிச் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டும் இணையாக இணைக்கப்பட்டவை. எது ஒன்று மூடினாலும் மின்சாரம் பல்புக்குச் செல்லும். ஆதலால் ஒன்று செத்துப்போனாலும் மற்றொன்று அதனை மறைத்துவிடுகிறது. கியரில்லாத இன்றைய ஸ்கூட்டர்களில் இரண்டு சுவிட்சுகளும் கைப்பிடிகளிலேயே அமைந்திருப்பதால் அவற்றைக் குறித்து இங்கே கூறவில்லை.

பெடல் சுவிட்சின் அமைப்பு எளிது. விரற்கடை நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் உடல். அதனுள்ளே இரு பித்தளைத் தொடுமுனைகள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு. அத்தண்டையும் பெடலையும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் இணைக்கிறது. பெடல் தாழும்போது ஸ்பிரிங் தண்டை இழுக்க, தொடுமுனைகள் சேர்ந்து விளக்கு எரிகிறது. இரு இழை கொண்ட சாதாரண பல்பில் எப்போதும் எரியும் இழை 5 வாட், பிரேக் இழை 21 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இது ஏறத்தாழ 1¾ ஆம்பியர் ஆகும். சந்தை நாளில் நூற்றுக்கணக்கான முறை இவ்வளவு மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் தொடுமுனைகள் கருகுகின்றன. சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் உள்ளே புகுந்து பித்தளையில் பச்சை பூக்கிறது. தண்டு இறுகிப்போகிறது. நம் சுவிட்சைப் பிளந்து பார்த்தபோது உள்ளே களிமண்ணே இருந்தது.

புதிய சுவிட்சு வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் பழுது எங்கே என்று நிச்சயிக்க வேண்டும். சாவியைத் திருப்பி, வண்டியின் பின்புறத்தைச் சுவருக்கு அருகில் நிறுத்தி, இருட்டிய பின் பார்த்தால் துணைக்கு ஆள் வேண்டியதில்லை. சுவரில் சிவப்பு படிவதும் மறைவதும் திரும்பிப் பார்த்தாலே தெரியும். முதலில் கைப்பிடியை அழுத்துக. எரிந்தால் பல்பு, பியூஸ், பின்னால் செல்லும் வயர் யாவும் நன்றாயிருக்கின்றன என்று பொருள். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டுப் பெடலை மட்டும் மிதிக்கவும். எரியாவிடில் குற்றம் பெடல் சுவிட்சிலோ அதன் இரண்டு வயர்களிலோதான். இவ்விரண்டில் எது என்பதை அறியச் சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, வண்டியின் பக்கம் உள்ள இரு முனைகளையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணைக்கவும். விளக்கு எரிந்தால் சுவிட்சே பழுது. எரியாவிட்டால் புதுச் சுவிட்சு வாங்குவது வீண் செலவு. வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அவ்வயர்த் துண்டு வண்டிச் சட்டத்தில் பட்டால் பியூஸ் போய்விடும் என்பதை மறக்கலாகாது. இச்சோதனைகளுக்கும் முன்னதாக, ஸ்பிரிங் தன் இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது நன்று. அது கழன்று விழுந்திருப்பதும் உண்டு.

இனி மாற்றும் வேலை. இதிற் கடினமானது இடம் ஒன்றே. பெடல், சைலன்சர் குழாய், கிக்கர், எஞ்சினின் பின்பக்கம் ஆகிய இவ்வளவுக்கும் நடுவே, இரண்டு விரல் மட்டும் நுழையக்கூடிய இடுக்கில் சுவிட்சு ஒளிந்திருக்கிறது. பட்டறையில் இதற்காகக் காத்திருக்க நேர்வதும் இதனாலேயே. ஆனால் விழுதுகளுக்கு நடுவே அறுந்த இழையைத் தடவிப் பிடித்து முடிச்சிடும் விரல்களுக்கு இது புதிய வித்தையன்று. கண்ணுக்குத் தெரியாததை விரலாற் காணும் பழக்கம் நம் அங்கத்தினர்களுக்கு வேண்டிய அளவு உண்டு.

வேலையைக் காலையிற் செய்க. ஓடி வந்த வண்டியின் சைலன்சர் குழாய் கையைச் சுட்டுவிடும். நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சாவியை எடுத்துவிடவும். வலப்பக்க மூடியைக் கழற்றினால் மேலிருந்து கை புக வழி கிடைக்கும். திருகாணி இருந்தால் அதை முதலில் எடுத்துவிட்டு, ரப்பர் துளைகளிற் செருகியிருக்கும் முனைகளை ஒவ்வொன்றாக நிதானமாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் பறித்தால் பிளாஸ்டிக் காது முறியும். நாம் ஒன்றை முறித்துவிட்டே இதை எழுதுகிறோம். கிக்கர் இடைஞ்சலாயின் வெளிப்புறமாக விரித்துக்கொள்க. பிறகு கைபேசியை இடுக்கினுள் நீட்டி இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொள்வது பேருதவியாகும். வயர் எவ்வழியாக வருகிறது, ஸ்பிரிங்கின் கொக்கி எத்திசை நோக்கியிருக்கிறது என்பவை திரும்பப் பூட்டும்போது நினைவில் நிற்பதில்லை.

கப்ளரின் பூட்டை நகத்தால் அழுத்திப் பிரிக்கவும்; வயரைப் பிடித்து இழுத்தல் கூடாது. அடுத்தது ஸ்பிரிங். குறடால் பிடிக்கப்போனால் குறடு திரும்ப இடமிராது. வழுக்கினால் ஸ்பிரிங் துள்ளி எங்கோ மறைந்துவிடும். இதற்கு நல்ல உபாயம் தறிக் கயிறு. இரண்டு முழம் மெல்லிய உறுதியான கயிற்றை மடித்துக் கண்ணியாக்கி, ஸ்பிரிங்கின் கொக்கியில் மாட்டி, தூர நின்று இழுத்தால் கொக்கி தானே வெளிவரும். திரும்ப மாட்டுவதற்கும் இதே கண்ணிதான்.

சுவிட்சின் உடலில் மரை வெட்டியிருக்கும். அதைச் சட்டத்திலுள்ள தாங்கியில் நிறுத்துவது ஒரு பிளாஸ்டிக் நட்டு. உடலை ஒரு விரலால் அசையாமற் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடலைத் திருப்பினால் வயர்கள் முறுக்கேறி உள்ளேயே அறும். சேறு இறுகி நட்டு அசையாவிடில் சிறிது மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் பொறுத்திருக்கவும். பலவந்தம் செய்தால் தாங்கி வளையும்.

பழையதையும் புதியதையும் பக்கத்திற் பக்கம் வைத்து உடலின் நீளம், கப்ளரின் வடிவம், தண்டு இழுபடும் தூரம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். ஒரே பெயரில் விற்கும் வண்டியிலும் வருஷத்திற்கு வருஷம் இவை மாறுவதுண்டு. ஆகவே பழைய சுவிட்சைக் கையிற் கொண்டுபோய் வாங்குவதே உத்தமம். பூட்டுவதற்கு முன்னரே புதுச் சுவிட்சைக் கப்ளரில் செருகிச் சாவியைத் திருப்பித் தண்டைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். எரிந்தால் பூட்டுக. எரியாத சரக்கை அந்த இடுக்கில் பூட்டிவிட்டுத் திரும்பக் கழற்றுவதுபோன்ற சலிப்பு வேறில்லை.

பூட்டிய பின் அளவு வைத்தல் பாக்கி. இதைச் செய்யாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. முதலில் பெடலின் வெற்றாட்டத்தைச் சரிசெய்க. 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை. உங்கள் வண்டிக்கு உரிய அளவு அதன் கைப்புத்தகத்தில் இருக்கும். அதன் பிறகே சுவிட்சு. பிரேக் சக்கரத்தைப் பற்றத் தொடங்குவதற்குச் சற்று முன்னதாக விளக்கு எரிய வேண்டும். நட்டைத் திருப்பிச் சுவிட்சை மேலேற்றினால் விளக்கு முந்தி எரியும். கீழிறக்கினால் பிந்தி எரியும். கால் பெடல்மீது சும்மா இருக்கும்போதே எரிந்தால் அதுவும் குற்றமே. பிரேக் ஷூ தேய்ந்து பின் பிரேக்கைத் திரும்பச் சரிசெய்யும் ஒவ்வொரு தடவையும் இவ்வளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில் முன் பின் இரண்டையும் சேர்த்து இயக்கும் கூட்டு பிரேக் கட்டாயமாயிற்று. அத்தகைய வண்டிகளிற் பெடலிலிருந்து முன் பிரேக்கிற்கும் ஓர் இணைப்பு செல்லும். சுவிட்சை மாற்றும் சாக்கில் அவ்விணைப்பைத் தொட வேண்டாம். அதன் அளவு பட்டறையில் வைக்கவேண்டியது. மூட்டையின் தொங்கல் பின் விளக்கை மூடியிருந்தால் எத்தனை புதுச் சுவிட்சு போட்டும் பயனில்லை என்பதையும் துணி ஒப்படைக்க வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். பத்து வண்டிகள் சங்க வாசலில் நின்றால் அவற்றில் இரண்டு மூன்று இப்படிக் கட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

நம் வேலைக்கு முதன்முறை ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதில் ஒரு மணி நேரம் ஸ்பிரிங்கோடு போராடியதே. கயிற்று உபாயம் அதன் பின்னர்தான் தோன்றியது. மறுவாரம் அச்சங்கத்திற்குச் சென்றபோது அந்த அங்கத்தினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அவர் தறியை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றார். "கையில வேண்டாங்க, காலில மிதிங்க" என்றார். மூன்று முறை மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு தம் வண்டியையும் பார்க்கும்படி கேட்டார். சாவியைத் திருப்பியதும், பெடலைத் தொடாமலே அதன் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விழுந்த அன்று பெடல் சிறிது கீழ்நோக்கி வளைந்து ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்திருக்கிறது. பெடலை நிமிர்த்தி, நட்டை இரண்டு சுற்றுக் கீழிறக்கிக் கொடுத்தோம்.