குட்டி மீனுக்குத் தீனிப் பழக்கம் – தீனி விற்கும் கடைக்காரர்கள் அறிய வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மளிகைக் கடைகள் சிலவற்றில் இப்போது ஷாம்புச் சரத்துக்குப் பக்கத்தில் வண்ண மீன் தீனிப் பாக்கெட்டும் தொங்குகிறது. அடியேனும் அதை மொத்தத்தில் இறக்கிக் கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு அரியலூர்க் கடைக்காரத் தம்பி ஒருவர் பத்துப் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "ஐயா, உங்க தீனி சரியில்லைங்க. மீன் வாயில வாங்கித் துப்பிடுதாம். வாடிக்கைக்காரர் சத்தம் போடுறார்" என்றார். சரக்கு புதுசு. அதே தீனியை என் வீட்டுக் கப்பி மீன்கள் அடித்துப் பிடித்துத் தின்கின்றன. பிறகு என்ன கோளாறு என்று விசாரித்ததில், அவருடைய வாடிக்கைக்காரர் வாங்கியிருந்தது குட்டை ரகச் சிக்லிட் மீனின் குஞ்சுகள் என்று தெரிந்தது. அந்த விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிக்லிட் என்றதும் ஏதோ புதிய பெயர் என்று மலைக்க வேண்டாம். 1952ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி மீன் இந்தக் குடும்பந்தான். ஜிலேபி எதைப் போட்டாலும் தின்னும். ஆனால் அதன் தூரத்துச் சொந்தமான, இரண்டு மூன்று அங்குலமே வளரும் குட்டை ரகங்கள் அப்படியல்ல. ராம், அபிஸ்டோகிராமா என்ற பெயர்களில் விற்கிறார்கள். (ராம் என்றதும் நம் ஸ்ரீராமர் என்றுதான் நானும் நினைத்தேன். தென் அமெரிக்காவில் இதைப் பிடித்து அனுப்பிய ராமிரெஸ் என்பவரின் பெயராம்.) அபிஸ்டோகிராமா அங்கே காட்டு ஓடைகளில் உதிர்ந்து கிடக்கும் இலைகளுக்கு நடுவே ஊரும் சிறு பூச்சி புழுக்களைப் பொறுக்கித் தின்று வாழ்வது. அசைந்தால்தான் அதன் கண்ணுக்கு அது இரை. குருணைத் தீனி அசையாது. அதனால் அதற்கு அது ஒரு கல்தான். பண்ணைக் குஞ்சுகளும் பெரும்பாலும் உயிர்த் தீனியில் வளர்ந்து வருபவையே. சென்னைக் கொளத்தூரிலிருந்து பையில் அடைபட்டு நம் ஊர் வந்து சேர்ந்த அன்றே அவற்றுக்குக் குருணையைக் காட்டினால் எப்படி ஏற்கும்?

இங்கேதான் நம்மவர்கள் ஒரு தவறான யோசனை சொல்லிவிடுகிறார்கள். "ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா தின்னும்" என்பது அது. வளர்ந்த மீனுக்கு அது பலிக்கலாம். முக்கால் அங்குலக் குஞ்சுக்கு உடம்பில் சேமிப்பு ஏது? என் பேரனுக்கு வாங்கிய எட்டு ராம் குஞ்சுகளுக்கு இந்த யோசனையைச் சொன்னவன் நானே. நாலாம் நாள் வயிறு உள்வாங்கிப் போயிற்று. ஐந்து செத்தன. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மிஞ்சிய மூன்றையும் பிழைக்க வைத்தது, நாம் தினமும் நிறுத்துக் கொடுக்கும் உப்பு. ஆர்ட்டீமியா என்ற பூச்சி இறால் இனத்தைச் சேர்ந்தது. உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழ்வது. தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. இதன் முட்டை காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடந்து, உப்புத் தண்ணீர் பட்டதும் பொரியும். அமெரிக்காவில் உட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் இதை வாரி, டப்பாவில் அடைத்து உலகெங்கும் விற்கிறார்கள். பார்க்கக் காப்பிப் பொடி போல இருக்கும்.

பொரிக்கும் முறை எளிது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு. குத்துமதிப்பாகப் போடாமல் தராசில் நிறுத்தே போடுங்கள். தராசுக்கு நம்மிடம் பஞ்சமா? தண்ணீர் சற்றுக் காரத்தன்மையோடு இருந்தால் நன்றாகப் பொரியும் என்பதால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்ப்பார்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழ்குழாய்த் தண்ணீருக்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. காலிக் குளிர்பான பாட்டிலில் இந்தத் தண்ணீரை ஊற்றி, கால் டீஸ்பூனுக்கும் குறைவாக முட்டையைப் போட்டு, மீன் தொட்டிக் காற்றுக் குழாயை அடிவரை விட்டு, விளக்கு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் 24 மணி முதல் 36 மணி நேரத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் தூசி போல நீந்தத் தொடங்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும். குஞ்சுகள் அடியில் வெளிச்சம் உள்ள பக்கம் திரளும். அவற்றை மட்டும் குழாயால் இழுத்து, பழைய மல் வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு மீனுக்குக் கொடுக்கலாம். ஓடு கலந்து போகக் கூடாது, குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும். பொரித்த அன்றே கொடுப்பது நல்லது. நேரம் ஆக ஆகப் பூச்சி தன் உடம்பிலுள்ள சத்தைத் தானே செலவழித்துவிடும்.

முதல் வாரம் தினமும் மூன்று வேளை இது மட்டும். வயிறு ஆரஞ்சு நிறமாக உப்பித் தெரியும். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வாரம் காலைப் பசியில், குருணையைப் பொடித்து மாவுச் சல்லடையில் சலித்து, தொட்டித் தண்ணீரிலேயே ஊறவைத்து, இங்க் பில்லரால் மீனின் முகத்துக்கு முன்னே மெதுவாகப் பீய்ச்ச வேண்டும். விழும்போது அது அசைகிறது அல்லவா, அந்த அசைவில் ஏமாந்து கொத்தும். துப்பினாலும் கவலையில்லை, சற்றுப் பொறுத்து உயிர்த் தீனியைக் கொடுத்துவிடலாம். இப்படி ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்துக்கொண்டு வந்ததில், எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஆயிற்று. மிதக்கும் குருணை இவற்றுக்கு உதவாது. இவை அடித்தளத்தில் மேயும் மீன்கள், மேலே பார்ப்பதில்லை. அமிழும் ரகமாகப் பார்த்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லையேல் தண்ணீர் கெட்டு அதனாலேயே சாகும்.

சாக்கடை ஓரத்தில் அள்ளும் டியூபிஃபெக்ஸ் புழுவை மீன் ஆசையாகத் தின்னும் என்பது உண்மை. கூடவே நோயும் வரும். கொசுப்புழு நல்ல தீனிதான். அதற்காக வாசலில் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தால் தெருவுக்கே டெங்கு. இரண்டையும் வாடிக்கைக்காரருக்குச் சொல்லாதீர்கள்.

தின்னாததற்குத் தீனி மட்டுமே காரணம் என்றும் இல்லை. ராம் மீனுக்கு 27 முதல் 30 டிகிரி வரை வெப்பம் வேண்டும். மார்கழியில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் அது சுருண்டு நிற்கும். வேகமாக நீந்தும் மீன்களோடு விட்டிருந்தால் இதற்கு மிச்சம் கிடைக்காது. வெள்ளை நூல் போலக் கழிந்து மெலிந்தால் அது குடல் நோய். தீனியை மாற்றிப் பயனில்லை. ஆகவே யாராவது வந்து "தின்ன மாட்டேங்குது" என்றால், பாக்கெட்டை நீட்டும் முன் என்ன மீன், எவ்வளவு பெரிசு, வாங்கி எத்தனை நாள் என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

நம் சரக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மூட்டைத் தீனியைப் பிரித்துச் சிறு பாக்கெட் போட்டு வெயிலில் தொங்கவிடுகிறோம். மீன் தீனியில் எண்ணெய்ச் சத்து உண்டு. பழைய தேங்காய் எண்ணெய் போலக் காறிவிடும். பாக்கெட்டைப் பிரித்து மோந்து பாருங்கள், காறல் வாடை அடித்தால் விற்காதீர்கள். ஆர்ட்டீமியா முட்டையோ ஈரம் பட்டால் பொரியாது. முதன்முதலில் நான் வாங்கிய டப்பாவில் பாதிகூடப் பொரியவில்லை. அனுப்பியவர் மாற்றித் தரவும் இல்லை. இப்போது பருப்புக்கு மாதிரி பார்ப்பதுபோல ஒரு சிட்டிகை வாங்கிப் பொரித்துப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்கிறேன். காற்றுப் புகாத சிறு சீசாக்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். அரியலூர்த் தம்பி மாதம் நாலு சீசா எடுக்கிறார். அந்தப் பத்துப் பாக்கெட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.