ஜெல் பாதி, ட்ரே பாதி

பல்லை வெளுக்க வைக்கும் ஜெல்லைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது சதவீதத்தைத்தான். 10-ஆ, 20-ஆ, 35-ஆ? அதைப் போட்டுக்கொள்ளும் ட்ரே எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சேலத்தில் ஒரு பல் லேபில் அந்த ட்ரேக்களைச் செய்வது என் வேலை. அதே மாதிரி ட்ரேயை என் பல்லுக்கும் செய்து, இரவில் போட்டுக்கொண்டு தூங்கியும் இருக்கிறேன். இந்த வேலையில் ஜெல்லின் வீரியத்தை நம்புவதைவிட ட்ரேயின் பொருத்தத்தையும் நம் பொறுமையையும் நம்புவது மேல். செய்கிறவளாகவும் போட்டுக்கொண்டவளாகவும் இருந்து நான் தெரிந்துகொண்டது அதுதான்.

சிரிஞ்சில் அடைத்து வரும் கெட்டியான ஜெல்லில் பெரும்பாலும் இருப்பது கார்பமைடு பெராக்சைடு. வாயின் ஈரம் பட்டதும் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் யூரியாவாகவும் பிரிகிறது. வெளுக்கிற வேலையைச் செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. 10 சதவீத ஜெல்லில் அது ஏறத்தாழ 3.5 சதவீதம்தான் கிடைக்கும். 35 சதவீத ஜெல்லில் சுமார் 12. சில கம்பெனிகள் நேரடியாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லையே விற்கின்றன. அதில் 6 சதவீதம் என்று போட்டிருந்தால், கார்பமைடு கணக்கில் அது 16, 17 சதவீதத்துக்குச் சமம். அதனால் டப்பாவில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மருந்தின் பெயரைப் படியுங்கள். எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

பல்லின் மேலே இருக்கும் எனாமல் கண்ணாடி போல வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடும். மஞ்சள் தெரிவது பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கும் டென்டினில் இருந்து. வயதாக ஆக எனாமல் தேயும், டென்டின் நிறம் ஏறும். கோரைப் பல்லில் டென்டின் அதிகம் என்பதால் அது எல்லோருக்குமே பக்கத்துப் பற்களைவிடக் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும், வெளுக்கவும் அதிக நாள் எடுக்கும். பெராக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு. எனாமலை ஊடுருவி டென்டினுக்குள் போய், நிறம் தருகிற பெரிய மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகளுக்கு நிறம் குறைவு. இதில் தேய்த்தல், சுரண்டல் எதுவும் கிடையாது. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும், கரித்தூளும் பல்லில் செய்வது இதற்கு நேர் எதிர். அமிலம் எனாமலைக் கரைக்கிறது, தூள் தேய்க்கிறது. எனாமல் மெலிந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: தயவுசெய்து செய்யாதீர்கள்.

ட்ரே எதற்கு? எச்சிலில் பெராக்சைடை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜெல்லைச் சும்மா பல்லில் தடவினால் கொஞ்ச நேரத்தில் எச்சில் அதைக் கரைத்துச் செயலற்றதாக்கிவிடும். ட்ரே ஜெல்லைப் பல்லோடு சேர்த்துப் பிடித்து, எச்சிலை வெளியே நிறுத்துகிறது, ஈறு பக்கம் வழியாமலும் தடுக்கிறது. ஜெல்லைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கார்போபால் என்ற பொருளும் பெராக்சைடு மெதுவாக வெளியேற உதவுகிறது. கார்பமைடு ஜெல்லில் பாதி வீரியம் முதல் 2 மணி நேரத்திலேயே செலவாகிவிடும். மிச்சம் அடுத்த சில மணி நேரத்துக்கு மெல்ல மெல்ல வரும். 10 சதவீதத்தை இரவு முழுக்கப் போடச் சொல்வதற்கும், வீரியம் ஏற ஏற நேரத்தைக் குறைத்து 35 சதவீதத்தை அரை மணி, ஒரு மணி நேரத்தோடு நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

இந்த முறையே ஈறு வைத்தியத்தில் தற்செயலாகக் கிடைத்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் பில் கிளஸ்மியர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், ஈறு ஆறுவதற்காக 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு கிருமிநாசினியைப் பற்களில் மாட்டும் கருவிக்குள் விட்டு, இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது, கூடவே பல்லும் வெளுத்தது. 1989-ல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு பல் மருத்துவர்கள் இதை முறையாக எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகமெங்கும் பரவியது. அன்றைக்கு எடுத்த அதே 10 சதவீதம்தான் இன்றைக்கும் மிக அதிகமாக ஆராயப்பட்டது.

லேபுக்கு வருவது அல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் எடுத்த பல் அளவு. அது காற்றில் கிடந்தால் ஈரம் போய்ச் சுருங்கிவிடும், அதனால் வந்த கையோடு அதில் டென்டல் ஸ்டோன் கலவையை ஊற்றி மாடல் எடுத்துவிடுவேன். குமிழி இல்லாமல் இறங்க வேண்டும். மாடல் காய்ந்ததும் அண்ணப் பகுதியை அறுத்து லாடம் போல ஆக்கிக்கொள்வேன்; அப்போதுதான் வேக்யூம் நன்றாக இழுக்கும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மென்மையான ஷீட்டை மெஷினில் மாட்டிச் சூடேற்றினால், முதலில் அதன் கலங்கல் போய்த் தெளியும், பிறகு நடுவில் தொய்ந்து இறங்கும். அந்த நேரத்தில் மாடல் மேல் இறக்கி வேக்யூமைப் போட வேண்டும். ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் ஷீட் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்ப்பது இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பிடித்த காட்சி. ஆறியதும் சின்னக் கத்தரிக்கோலால் ஈறுக் கோட்டை ஒட்டியே வெட்டி, ஓரத்தை வழவழப்பாக்குவேன். ஜெல் தங்குவதற்குப் பல்லின் முன்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுச் செய்வதும் உண்டு. அது இல்லாவிட்டாலும் பலன் பெரிதாகக் குறைவதில்லை. குறைகிறது என்றால் அது பொருத்தத்தில்தான். வெந்நீரில் போட்டு நாமே கடித்து அச்செடுக்கும் ரெடிமேட் ட்ரே தடிமனாக இருக்கும், ஓரத்தில் இடைவெளி விடும். எச்சில் உள்ளே போகும், ஜெல் ஈறுக்கு வரும்.

உங்கள் ட்ரே சரியா என்று பார்க்க, ஜெல் இல்லாமல் வெறுமனே போட்டு, கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஓரம் பல்லை விட்டு விலகி நிற்கக் கூடாது. ஈறில் குத்தினால், எந்த இடம் என்று டாக்டரிடம் காட்டுங்கள், ஒரு நிமிடத்தில் வெட்டித் தருவார்கள்.

என் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்தாள். "சித்தி, 35 இருக்குதாமே, அதையே ராத்திரி பூரா போட்டுக்கிட்டா ஒரே வாரத்துல முடிஞ்சிருமில்ல?" என்றாள். "கண்ணு, அப்படிப் போட்டீன்னா கல்யாணச் சாப்பாட்டுல ஐஸ்கிரீம் பக்கம் வாயைக் கொண்டு போக முடியாது" என்று சொல்லி, முதலில் டாக்டரிடம் அனுப்பினேன். ஒரு சொத்தை இருந்தது, அடைத்தார்கள். கறையைச் சுத்தம் செய்தார்கள். பிறகு 10 சதவீதம், மேல் வரிசைக்கு மட்டும். கீழ் வரிசையைத் தொடாமல் விட்டால் அதோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தைப் பார்க்கலாம். இல்லையென்றால் தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்கு எதுவுமே மாறாத மாதிரி இருக்கும்; மனசு சோர்ந்து போய், ஜெல்லை அள்ளிப் போடத் தோன்றும். ஜெல் அதிகம் போட்டால் அதிகம் வெளுக்காது, வெளியே வழிந்து ஈறைத்தான் சுடும். ட்ரேயில் ஒவ்வொரு பல்லின் முன்பக்கக் குழியிலும் அரிசி அளவு வைத்தால் போதும், கடைவாய்ப் பல்லுக்கு வேண்டாம். போட்டதும் ஓரத்தில் பிதுங்கியதைக் காய்ந்த பிரஷ்ஷாலோ விரலாலோ துடைத்துவிட வேண்டும். ஈறு வெள்ளையாகி எரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், சீக்கிரம் ஆறிவிடும்.

பல் கூச்சம் நிறையப் பேருக்கு வரும். பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் கூழ் வரைக்கும் போய்விடுகிறது, அதனால் வருவது இது. ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீருக்குக் கூசுகிறவர்களுக்குக் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆரம்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட்டால் பல் துலக்குவது எனக்கு மிகவும் உதவியது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் பலன் குறையாது, நாள்தான் நீளும். பல்லில் சுருக்கென்று மின்னல் போல இழுத்தால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அவசரப்பட இதில் எதுவுமே இல்லை.

நான் போட்டுக்கொண்ட கதை கொஞ்சம் வேறு. பென்னாகரம் பக்கத்தில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். குடிநீரில் ஃப்ளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்க வேண்டும், வேறு வழி இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எத்தனையோ ஊர்த் தண்ணீர் அதைத் தாண்டியது. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாக இறுகாது. வெள்ளைத் திட்டுகளோடு முளைக்கும், பிறகு காவி ஏறும். எங்கள் பிள்ளைகள் பல் துலக்காதவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டே வளர்ந்தோம். கல்லூரி போட்டோக்களில் என்னோடு படித்த பெண்கள் வாயை மூடியே நிற்பார்கள். துலக்கிப் போகிற கறை அல்ல அது. அந்தப் பெண்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களின் பல் அதனால் மாறப்போவதில்லை.

ஃப்ளோரைடு காவிக்கு ட்ரே ஜெல் பலன் தரும், ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். காவி மங்கும். வெள்ளைத் திட்டு போகாது. ஆரம்ப நாட்களில் திட்டுகள் இன்னும் பளிச்சென்று தெரியும், பலர் பயந்து நிறுத்துவது அந்தக் கட்டத்தில்தான். தொடர்ந்தால் சுற்றியிருக்கும் பல்லும் வெளுத்து, திட்டுக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. என் முன்பற்களில் அப்படித்தான் ஆனது: காவி ஏறக்குறைய போய்விட்டது, திட்டுகள் இருக்கின்றன, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எனாமலில் குழி விழுந்திருந்தால் ஜெல் மட்டும் போதாது, அதற்கு வேறு சிகிச்சை. சின்ன வயதில் டெட்ராசைக்ளின் மாத்திரையால் சாம்பல் நிறம் ஏறிய பல்லுக்குப் பல மாதங்கள் தினமும் போட வேண்டியிருக்கும், முழுதாகப் போவதும் அபூர்வம்.

கேப் போட்ட பல்லும் பல் நிறத்தில் அடைத்த ஃபில்லிங்கும் ஜெல்லுக்கு நிறம் மாறாது. முன்பல்லில் அப்படி இருந்தால் சுற்றியுள்ள பற்கள் வெளுத்த பிறகு அது மட்டும் தனியாகத் தெரியும், மாற்ற வேண்டிவரும். அதை உடனே மாற்றக் கூடாது. பெராக்சைடு விட்டுப்போன ஆக்சிஜன் பல்லில் இருக்கும்வரை ஃபில்லிங் சரியாக ஒட்டாது, கடைசியாக ஜெல் போட்டதிலிருந்து இரண்டு வாரமாவது ஆக வேண்டும். நிறமும் அதற்குள் ஒரு நிலைக்கு வந்துவிடும், ஏனென்றால் ட்ரேயைக் கழற்றியதும் தெரிகிற வெள்ளையில் ஒரு பங்கு பல் ஈரம் இழந்ததால் வருவது. ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் ஜெல்லைத் தொடவே வேண்டாம், உள்ளே நரம்பு செத்திருக்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போடட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 18 வயதுக்குக் கீழே இதைக் கொடுக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. 6 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடாது, முதல் முறை டாக்டர் முன்னிலையில் தொடங்க வேண்டும். நம் ஊரிலும் அப்படி நடந்துகொள்வதுதான் நல்லது.

டீயும் காபியும் குடிக்கிற வாய்க்கு நிறம் மெல்லத் திரும்பும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் லேசாக மங்குவது தெரியும். அப்போது புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, பழைய ட்ரே பொருந்தினால் சில இரவுகள் போட்டாலே போதும். அதற்காகவே ட்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள். பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, உலர்த்தி, டப்பாவில் மூடுங்கள். வெந்நீர் பட்டாலோ, வெயிலில் நிற்கும் காரில் கிடந்தாலோ வளைந்துவிடும், பிறகு புது அளவுதான். மாடலை டாக்டர் கொடுத்தால் அதையும் வாங்கி வையுங்கள். ட்ரே கிழிந்தால் அதன் மேலேயே இன்னொன்று இழுத்துத் தரலாம். மிச்சமிருக்கும் சிரிஞ்சு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம், காலாவதித் தேதியைப் பார்த்தே எடுங்கள்.