கள்ளப் போதகரை அறிவது எப்படி?

வேதப்பகுதிகள்: உபாகமம் 13:1-4; மத்தேயு 7:15-20; லூக்கா 17:11-14



கள்ளப் போதகர் வெளியிலிருந்துதான் வருவார்கள் என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். ஆனால் பவுல் அப்போஸ்தலன் எபேசு சபையின் மூப்பரிடம் விடைபெறும்போது, அவர்களுக்குள்ளிருந்தே அப்படிப்பட்டவர்கள் எழும்புவார்கள் என்று எச்சரித்தார் (அப். 20:30). வேதபுத்தகத்தைக் கையில் பிடித்து, இயேசுவின் நாமத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை எப்படி நிதானித்து அறிவது? மூன்று சோதனைகளைத் தியானிப்போம்.

1. யாரிடம் நடத்துகிறார்?

ஒருவன் சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அவன் ஜனங்களை வேறு தேவர்களிடம் திருப்பினால் அவனுக்குச் செவிகொடுக்கலாகாது என்று மோசே போதித்தார். ஆகவே, "அவர் சொன்னது பலித்ததே" என்பது மட்டும் போதாது. அவர் நம்மை ஆண்டவரிடம் நடத்துகிறாரா, தம்மிடமே இழுத்துக்கொள்ளுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

1950-களில் அமெரிக்காவில் சபை தொடங்கிய ஜிம் ஜோன்ஸ், ஏழைகளுக்கு உணவளித்தார். கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே ஆராதனையில் அமரச் செய்தார். அவை நல்ல காரியங்களே. ஆனால் கோழியின் உள்ளுறுப்புகளைக் காட்டி, நோயாளியின் உடலிலிருந்து வெளிவந்த புற்றுநோய்க் கட்டி என்று ஜனங்களை நம்பவைத்தார். நாளடைவில் வேதத்தை இகழ்ந்து, தம்மையே உயர்த்தினார். அநேகர் தங்கள் சொத்துக்களை அவரிடம் ஒப்படைத்தார்கள். 1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவிலுள்ள கயானா நாட்டில் அவருடைய கூட்டத்தார் 900-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். பெரும்பாலோர் அவர் கட்டளைப்படி கொடுக்கப்பட்ட நஞ்சினால் மடிந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர் சிறுமியர்.

2. பணத்தில் எப்படி நடக்கிறார்?

ஆதிச்சபையின் "திதாகே" என்னும் போதனை நூல் பல நூற்றாண்டுகள் மறைந்திருந்து, 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராய்ச் செல்லும் ஊழியர் மூன்று நாள் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது அந்நூல். தாம் போதிப்பதைத் தாமே செய்யாதவரையும் அப்படியே எண்ணச் சொல்லுகிறது. அதே நூல், குறைவுபட்ட பிறருக்காகக் கேட்கிறவரை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் சொல்லுகிறது. எவ்வளவு நிதானமான ஆலோசனை!

3. சோதித்துப் பார்க்க இடம்கொடுக்கிறாரா?

பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்கச் சொன்னார். அக்காலத்தில் சுகத்தைப் பரிசோதித்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது (லேவி. 14). மெய்யான சுகம் பரிசோதனைக்கு அஞ்சாது. பெரோயா பட்டணத்தாரும் பவுல் சொன்னதை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அது நற்குணமாகவே எண்ணப்பட்டது (அப். 17:11).

நம் வார்டுகளில் இதற்கு நேர்மாறானதைக் காண்கிறோம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தியவர் ஓயாத வலிப்போடு கொண்டுவரப்படுகிறார். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டியவர் பாதியில் விடுகிறார்; கிருமி மருந்துக்கு அடங்காததாய் மாறக்கூடும். விசாரித்தால், "மாத்திரை சாப்பிட்டால் விசுவாசமில்லை என்று சொன்னாங்க ஐயா" என்கிறார்கள். ஏசாயாவோ எசேக்கியா ராஜாவின் பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார் (ஏசா. 38:21). ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. சுகம் கிடைத்ததென்று விசுவாசிக்கிறவர் மருத்துவரிடம் வந்து பரிசோதித்துக்கொள்ளட்டும். மருந்தைக் குறைப்பதை மருத்துவரே சொல்லட்டும்.

ஏமாற்றப்பட்டவர்களைக் கடிந்துகொள்ளாதிருங்கள். அவர்கள் வேதனையில் கை நீட்டியவர்கள். அந்தக் கையை நாம் பற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனைகளை எங்களுக்கும் வையுங்கள். நாங்களும் உங்களிடம் காணிக்கை கேட்கிறோம், உங்களுக்கு வேதம் போதிக்கிறோம். ஆகையால் கணக்கைக் கேளுங்கள், வந்து பாருங்கள், நாங்கள் எழுதுவதை வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிந்திக்க: நாம் காணிக்கை அனுப்பும் ஊழியம், கேள்வி கேட்கிறவர்களை எப்படி நடத்துகிறது?

ஜெபிக்க: மருந்தை நிறுத்தச் சொல்லப்பட்ட நோயாளிகளுக்காகவும், அவர்கள் குடும்பங்களுக்காகவும், நம் சபைகளுக்குப் பகுத்தறியும் வரம் உண்டாகவும் ஜெபியுங்கள்.