அப்பத்தாவின் இரண்டு எண்கள்

ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியல் நடத்தும்போது சராசரிக்குக் கிரிக்கெட் ஓட்டங்களையோ தேர்வு மதிப்பெண்களையோ எடுத்துக்காட்டாகத் தருகிறோம். ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமான எண்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அவை தாத்தா, பாட்டியின் இரத்த அழுத்த அளவுகள்.

தமிழ்நாட்டில் 2020இல் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. அதன்பின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அளவு பார்த்து, மாத்திரை கொடுத்து, விவரங்களைச் செயலியில் பதிகிறார்கள். (டாக்டர் சௌந்தரம் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய மாவட்டம் இது. மருத்துவம் கிராமத்தைத் தேடி வருவது இங்கே புதிதல்ல.)

பஞ்சாப், மகாராஷ்டிர மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளில் 'சிம்ப்பிள்' என்ற செயலி பயன்பட்டது. குறித்த நாளில் வராத நோயாளிகளின் பட்டியலை அது எடுத்துத் தரும். செவிலியர் அவர்களை அழைத்துப் பேசுவார். நினைவூட்டும் குறுஞ்செய்தியும் போகும்.

செய்தி போய்விடுகிறது. அதை யார் படிக்கிறார்கள்? பதிவான எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கலாம். காலை எட்டு மணிக்கு நினைவூட்டல் வந்தால், விடியுமுன்பே மல்லிகை பறிக்கப் போன அப்பத்தா அப்போது தோட்டத்தில் இருப்பார். கைப்பேசி பேரன் கையில் இருக்கும். கிராமத்து வீட்டில் எந்தச் செயலிக்கும் கடைசி வாசகர் நம் மாணவரே. அவருக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும்.

இதற்கு மூன்று பாடவேளைகள் போதும். முதலில் அளக்கும் முறை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பு வரை டீயும் புகையிலையும் கூடாது. மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் விரியும்போது உள்ளது. மருத்துவமனையில் மீண்டும் மீண்டும் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம்.

இரண்டாம் வேளை கணக்கு. மாத்திரை சாப்பிடத் தொடங்கிய ஒருவரின் ஆறு வார மேல் எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: 158, 146, 142, 150, 138, 136. சராசரி 145. "136 வந்துவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேர் நிறுத்தலாம் என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். 136 வந்ததே மாத்திரையால்தான் என்பதை வரைபடம் போட்டுக் காட்டலாம். இந்த நோய்க்குப் பெரும்பாலும் வலியோ மயக்கமோ கிடையாது. நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதுதான் மாத்திரை நிற்கிறது. பக்கவாதம் வந்தபின் சொல்லிப் பயனில்லை. அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வேளை தமிழாசிரியருடையது. "பயனாளிகள் மருந்தினைத் தவறாது உட்கொள்ளவும்" என்ற செய்தியை அவரவர் வீட்டுப் பேச்சில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். "அப்பத்தா, பூப்பறிச்சுட்டு வந்தாச்சா? சாப்பிட்டு மாத்திரையப் போட்டுக்க. இன்னைக்குக் கருவாடு வேண்டாம்" என்று ஒரு பிள்ளை எழுதினால், தனிப்பட்ட உதவி என்பதன் பொருள் வகுப்புக்கே விளங்கிவிடும். அதைக் குரல்பதிவாக்கினால் எழுத்துத் தெரியாதவருக்கும் எட்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயையும் அப்பளத்தையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

ஒன்றில் கண்டிப்பு வேண்டும். உண்மையான வீட்டு அளவுகளை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லக் கூடாது; யார் வீட்டில் நோய் இருக்கிறது என்றும் கேட்கக் கூடாது. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மாணவர் வேலை அல்ல. ஐயம் இருந்தால் 104. நெஞ்சுவலி, கை கால் தளர்ச்சி, வாய் குழறல் என்றால் உடனே 108.

வீட்டுப்பாடமாக ஒரு கழித்தல் கணக்கு கொடுக்கலாம். 30 மாத்திரையில் 19 தீர்ந்துவிட்டன; தினம் ஒன்று. இருப்பு எந்தத் தேதி வரை வரும்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு ஐந்து நாள் நடந்து போகும் தாத்தாவின் பையில், போகவர எத்தனை மாத்திரை இருக்க வேண்டும்?