பன் தின்றால் போதை ஏறுமா?

சுட்ட பிரெட் வயிற்றில் சாராயம் காய்ச்சாது; அடுப்புச் சூட்டிலேயே ஈஸ்ட் செத்துவிடும். ஆனாலும் சில இடங்களில் கவனம் வேண்டும்.

1. பன், பிரெட் தின்ற கையோடு ஊதும் சோதனைக்குப் போகாதீர்கள். தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். மாவு புளித்தபோது உண்டான ஆல்கஹால் துளியளவு பிரெட்டில் தங்கியிருக்கும்; பல்லிடுக்குத் துணுக்கே கருவியைக் குழப்பலாம்.

2. கருவி எண் காட்டினால் வாதாடாமல், 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். வாயில் இருந்தது அதற்குள் மறைந்துவிடும். (உள்ளே இறங்கியது மறையாது. பன்னைச் சாக்குச் சொல்லித் தப்ப முடியாது!) வண்டி ஓட்டுபவரிடம் இந்தியச் சட்டம் பார்ப்பது ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை: 100 மி.லி.க்கு 30 மி.கி. தாண்டினால் குற்றம்.

3. மவுத்வாஷ் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் ஆல்கஹால் உண்டு; அதுவும் கருவியைக் குழப்பலாம்.

4. ஈஸ்ட் கலந்த பச்சை மாவை நாய்க்கு எட்டாமல் மூடி வையுங்கள். உயிருள்ள ஈஸ்ட் வயிற்றின் வெதுவெதுப்பில் தொடர்ந்து புளிக்கும். மாவு உப்பிப் பெருகும்; ஆல்கஹாலும் உண்டாகும். நாயின் உயிருக்கே ஆபத்து. தின்றுவிட்டால் வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

5. குடிக்காமலே அடிக்கடி தள்ளாட்டமும் குழறலும் வந்தால் வண்டியைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள். முதலில் சர்க்கரை அளவைச் சோதியுங்கள். அது தாழ்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். குடலில் ஈஸ்ட் பெருகி மாவுச்சத்தை ஆல்கஹாலாக்கும் நோயும் உண்டு, மிக அபூர்வமாக. அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்; அதுவும் இந்த நோயைத் தூண்டலாம்.